கடைசி நூறு மீட்டரில் நைனா

என் வலது கை ஆள்காட்டி விரல் இருபத்தாறு நாள் என் பேச்சைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறது. இந்த வரியைத் தட்டச்சு செய்வதில் அதற்கும் பங்கு உண்டு. ஆகவே முடிவை நினைத்து யாரும் பயந்துகொண்டு படிக்க வேண்டாம். என்னைப் போலவே கால் மரத்து, கை விழுந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் யாருக்காவது இது போய்ச் சேர்ந்தால் போதும்.

என் பெயர் கௌதமி. வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை; அது தனிக் கதை, இங்கே வேண்டாம். வீடு ஆண்டர்சன்பேட்டையில். வேலை பெங்களூரில், கிருஷ்ணராஜபுரம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில். செல்போன், கேமரா, விளையாட்டுக் கருவி என்று எது பழுதானாலும் அதன் போர்டு எங்கள் மேசைக்கு வரும். லென்ஸுக்குக் கீழே வைத்து, எள்ளைவிடச் சின்ன பாகங்களைக் கழற்றி, புதிதாக வைத்துச் சால்டரிங் செய்வேன். கை நடுங்காத ஆள் என்று எனக்குப் பேர். அந்தப் பேரில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. ரயில் நிலையத்தில் வாங்கித் தின்ற எதுவோ என்று நினைத்தேன். அது நின்று பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை ரயிலில், இரண்டு பாதமும் மரத்துப்போயின. காலை மடக்கி உட்கார்ந்ததால்தான் என்று உதறிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை டிபன் பாக்ஸின் மூடி திறக்கவில்லை. புதன்கிழமை சால்டரிங் முனை கையிலிருந்து நழுவி, ஒரு நல்ல போர்டைப் பொசுக்கியது. என் பட்டறை முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை மாடிப்படி ஏற முடியவில்லை. நைனா என்னை ஆட்டோவில் ஏற்றி எங்கள் பேட்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். நைனா என்றால் என் அப்பா. மைசூர் மைன்ஸ் என்ற தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டை, மேலே என்ஜின் அறையில் உட்கார்ந்து இயக்கும் வேலை. அவர் வேலை பார்த்த காலம் முழுக்க வெளிக்காற்றில்தான் இருந்தார். நானோ சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் எந்த நோயும் சுரங்கத் தூசி படிந்த நெஞ்சிலிருந்துதான் தொடங்கும்.

"டஸ்ட்டா இருக்கும் டாக்டர். நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க."

"நைனா, எனக்கு மரத்துப்போனது காலு."

"காலுக்கு மூச்சு எங்கேர்ந்து போவுது?"

டாக்டர் இதற்குப் பழகியவர்போலத் தலையாட்டிவிட்டு, ஒரு ரப்பர் சுத்தியலை எடுத்து என் முழங்காலில் தட்டினார். தட்டினால் கால் தானாக ஒரு துள்ளு துள்ள வேண்டும். துள்ளவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார். பிறகு முழங்கையில். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நைனாவிடம் சொன்னார்: "இப்பவே கோலாருக்குக் கூட்டிப் போங்க. சாயங்காலம் இல்ல, இப்பவே."

கோலாரில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாக் காத்திருப்பு அறையிலும் ஒரு ஃபேன் சத்தம் போடும், ஒரு குழந்தை அழும், நம் பெயரைத் தவிர எல்லார் பெயரையும் கூப்பிடுவார்கள். சோதனைகளைச் சொல்கிறேன், ஏனென்றால் பெயரைக் கேட்டே பயந்துவிடுகிறோம். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று. தோலில் சின்னச் சின்ன ஷாக் வைப்பார்கள், சுரீர் என்று இருக்கும், அவ்வளவுதான். திரையில் வரும் கோட்டை எனக்கும் காட்டச் சொன்னேன். என் வேலையே அதுதானே. கோடு படுத்துக் கிடந்தது.

இன்னொன்று, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது. கருவில் இருக்கும் பிள்ளைபோலச் சுருண்டு படுக்கச் சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு வலியைவிட அழுத்தம்தான் தெரியும். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புத்தம் சரணம் கச்சாமி என்று திரிசரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னாள் என்று நைனா பிறகு கோள்மூட்டினார்.

நோயின் பெயர் குய்லான் பாரே. பெயரைக் கேட்டால் வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. விஷயம் இதுதான்: வயிற்றில் வந்த கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி, கிருமி ஒழிந்த பிறகும் நிற்காமல், ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையை அடித்திருக்கிறது. ஒயரின் உள்ளே கம்பி பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, மேலே உறைதான் உரிந்திருக்கிறது. டாக்டர் இதைவிட நீளமாகச் சொன்னார். எனக்கு இப்படித்தான் புரிந்தது, அவரும் சரி என்றார்.

"சரியாகிடுமா டாக்டர்?" என்றேன்.

"நடந்துடுவீங்க. பெரும்பாலானவங்க நடந்துடறாங்க. கொஞ்சம் மாசம் ஆகும்."

"விரல்?"

அவர் என் வேலை என்ன என்று கேட்டார். சொன்னேன். "நுணுக்கமான வேலை கடைசியாத்தான் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்ப நான் சொன்னா அது பொய்," என்றார். அந்த நேர்மைக்காக அவரைப் பிடித்தது. அந்தப் பதிலுக்காகப் பிடிக்கவில்லை.

மருந்து ஐந்து நாள், சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். பலர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருள் அது. விலையைக் கேட்டால் நல்ல காலும் மரத்துப்போகும். பட்டறையில் போட்டிருந்த காப்பீடு பெரும்பகுதியைத் தாங்கியது. முதலாளிக்கு இங்கேயே ஒரு கும்பிடு.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சைச் சோதிப்பார்கள். நோய் காலிலிருந்து மேலே ஏறும், நெஞ்சுத் தசையைத் தொட்டுவிட்டால் ஆபத்து. ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் சோதனை, எந்த இயந்திரமும் இல்லை. டாக்டர்களின் முதல் கவலையே மூச்சுதான் என்று தெரிந்ததும் நைனா இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

முதல் நாள் முப்பது வரை எண்ணினேன். மூன்றாம் நாள் இருபத்திரண்டு. எனக்குத் தோற்கப் பிடிக்காது. அடுத்த முறை அவசர அவசரமாக, எண்களை விழுங்கி விழுங்கி, இருபத்தாறு வரை கொண்டுபோனேன். மஞ்சுளா சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"திருட்டு எண்ணு எல்லாம் நம்ம ஹத்ர வேணாம்மா," என்றார் கன்னடம் கலந்த தமிழில். "நீங்க ஏமாத்தறது என்ன இல்ல, டாக்டர இல்ல. உங்க மூச்ச. நிதானமா எணிசுங்க."

நிதானமாக எண்ணினேன். பதினாறு. அடுத்த முறை பதின்மூன்று. அன்றே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தலைமாட்டில் மூச்சு இயந்திரம் தயாராக நின்றது. அன்றைக்குப் பயந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, செத்துவிடுவேன் என்று பயந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மாவின் புடவை ஓரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இயந்திரம் கடைசிவரை தேவைப்படவில்லை. இரண்டு நாளில் பதின்மூன்று பதினேழானது, பதினேழு இருபதானது. மறுபடி வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, இனி எதுவும் கீழே போகாது, ஏறுவதுதான் பாக்கி என்று முடிவு செய்துகொண்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்கக் கூடாது. அதனால் இரவு அம்மா, பகல் நைனா. காலை முதல் பஸ்ஸில் நைனா வந்து இறங்குவார். வந்ததும் ஷிப்ட் மாறுவதுபோல அம்மா ஒப்படைப்பாள்: "மூச்சு இருபத்தொண்ணு. இட்லி ரெண்டு. ஒரு வாட்டி அழுதா, காரணம் சொல்லல." அம்மா தன் பழைய புடவையைக் கிழித்து ஸ்பூன் பிடியில் கனமாகச் சுற்றித் தைத்திருந்தாள், என் கை மூடாவிட்டாலும் ஸ்பூன் நிற்கட்டும் என்று. அந்த ஸ்பூனை இப்போதும் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் நைனாவிடம் என் கேம் கன்சோலைக் கொண்டுவரச் சொன்னேன். கையில் வைத்து விளையாடும் கருவி. யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுப்போனது. முதலாளி என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார், நானே அதன் திருப்பும் குமிழை மாற்றிச் சரிசெய்தேன். அதில் ஒரு கார் பந்தய விளையாட்டு இருந்தது. நிஜமான கார் ஓட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வளைவில் சறுக்கிக்கொண்டு பறக்கலாம், சுவரில் மோதினால் ஒன்றும் ஆகாது. மொத்தம் எட்டுக் கோப்பை, கோப்பைக்கு நாலு பந்தயம். ஒரு கோப்பையில் முதலாவது வந்தால்தான் அடுத்தது திறக்கும். ரயிலில் போகவர விளையாடி நாலு கோப்பை முடித்திருந்தேன். மீதி நாலு. ஆஸ்பத்திரியை விட்டுப் போவதற்குள் முடிப்பது என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொண்டேன்.

இடது கட்டைவிரலால் குமிழை ஆட்டித் திருப்ப முடிந்தது, அதற்குப் பலம் வேண்டியதில்லை. வேகம்தான் சிக்கல். வலது ஆள்காட்டி விரலால் பின்பக்க ட்ரிகரை மூன்று நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். என் விரலுக்கு அதை ஒரு நொடி அழுத்தவும் தெம்பில்லை. தானாகவே வேகமெடுக்கும் வசதி செட்டிங்கில் இருந்தது. அதை நான் தொடவில்லை. திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நைனா, இங்க விரல வை. நான் சொல்றப்போ அமுக்கு, சொல்றப்போ வுடு."

நைனா ஸ்டூலை இழுத்துப்போட்டு, விரலை வைத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இங்க பாரு நைனா, ஸ்கிரீன!"

"நான் எதுக்குப் பாக்கணும்? என்ஜின் ரூம்லேர்ந்து கேஜ் தெரியுமா? பெல்லு வரும், டயல் இருக்கும், ஓட்டுவோம். எவ்ளோ தூரம் கீதுன்னு மட்டும் நீ சொல்லினு இரு."

திரை மூலையில் மீதித் தூரம் ஓடும். அதைப் படித்துச் சொன்னேன். ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் நல்ல ஓட்டுநர். விடு என்றால் விடுவார், அமுக்கு என்றால் அதே கணம் அமுக்குவார். பெரிய வளைவுகளில் என்னைவிட அவர் விரல் சுத்தம். முதல் பந்தயத்திலேயே முன்னால் வந்துவிட்டோம். கடைசி நேர் சாலை. ஐந்நூறு என்றேன், முந்நூறு என்றேன், நூறு என்றேன். கார் மெள்ள மெள்ள வேகம் குறைந்து, மரியாதையாக முடிவுக் கோட்டை நோக்கி உருண்டது. பின்னால் வந்த மூன்று கார்களும் எங்களைத் தாண்டிப் போயின.

"நைனா! இன்னா பண்றே நீ?"

"நூறுன்னு சொன்னே."

"நூறுதானே கீது, அமுக்கித் தள்ள வேண்டியதுதானே?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கேஜ் மேலே வரும்போது கடைசித் தூரத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்காவிட்டால் கயிறு கேஜை மேலே இருக்கும் சக்கரத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். அதை எனக்கு விளக்கினார்.

"இது கேஜ் இல்ல நைனா. கோட்டுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல. வெறும் படம்."

அவர் முதல்முறையாகத் திரையைக் குனிந்து பார்த்தார். ஹெல்மெட் போட்ட பொம்மையைக் காட்டினார்.

"உள்ள ஆளு உக்காந்துனு இருக்கான்ல?"

அடுத்த பந்தயத்திலும் நூறில் விட்டார். அடுத்ததிலும். "சரி, இந்த வாட்டி அமுக்கறேன்" என்று சத்தியம் செய்வார். நூறு வந்ததும் விரல் தானாக எழுந்துவிடும். அவருக்கே வெட்கமாக இருக்கும். தூரத்தைச் சொல்லாமல் ஏமாற்றிப் பார்த்தேன். இரண்டு சுற்று முடிந்ததும் அவருக்கு மனசுக்குள் கணக்கு ஏறிவிடும், மூன்றாம் சுற்றில் சொல்லாமலே சரியாக அந்த இடத்தில் விட்டார். மஞ்சுளா சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்க வந்து, எங்கள் சண்டை முடியட்டும் என்று நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

கடைசியில் நான்தான் மாறினேன். நூறு மீட்டர் உருண்டு போனாலும் ஜெயிக்கிற அளவுக்கு முன்னாலேயே இடைவெளி எடுத்துவிடுவது. வளைவின் உள்விளிம்பை ஒட்டித் திருப்பினேன், குறுக்குவழிகளைத் தேடிக் கண்டுபிடித்தேன். ரயிலில் நான் ஓட்டியதெல்லாம் ஓட்டமே இல்லை. பதினாறாம் நாள் ஐந்தாவது கோப்பை, பத்தொன்பதாம் நாள் ஆறாவது, இருபத்திரண்டாம் நாள் ஏழாவது. மூன்றிலும் கோட்டைத் தொடும்போது எங்கள் கார் ஊர்கோலம் போவதுபோலத்தான் போனது. நைனாவுக்கு அதில் பெருமை. "பாத்தியா, அவசரமே படல!"

இதற்கிடையே தினமும் பிசியோதெரபி பெண் வருவாள். பலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போட்டுச் சொல்வார்கள். ஐந்து என்றால் முழு பலம். மூன்று என்றால் விரல் தன் எடையைத் தானே தூக்கும், எதிரே யாராவது தடுத்தால் தோற்றுவிடும். நாலு என்றால் தடுப்பதையும் தள்ளும். கால் ஏற்கனவே நாலுக்கு வந்து, வாக்கரைப் பிடித்து வார்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். அந்த விரல் மட்டும் ஆறு நாளாக மூன்றிலேயே நின்றது. அவள் தன் விரலை நீட்டி "தள்ளுங்க" என்பாள். தள்ளுவேன். அவள் விரல் அசையாது. "நாளைக்குப் பாக்கலாம்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவாள். மூன்றோடு, எள்ளளவு பாகங்களைக் கவ்வி எடுக்கும் சாமணத்தைப் பிடிக்க முடியாது. சாமணம் பிடிக்காமல் எனக்கு வேலை இல்லை.

இருபத்தைந்தாம் நாள் டாக்டர், "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன். எட்டாவது கோப்பையின் கடைசிப் பந்தயம் பாக்கி இருந்தது, அதில் இதுவரை பதினோரு முறை தோற்றிருந்தோம். ஒரு சிவப்புக் கார். எவ்வளவு இடைவெளி எடுத்தாலும் அது விடாமல் ஒட்டிக்கொண்டு வந்து, நைனா விரலை எடுக்கும் அந்த நூறு மீட்டரில் தாண்டிப் போய்விடும்.

இருபத்தாறாம் நாள் காலை. அம்மா தட்டு, துணி, ஸ்பூன் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டிருந்தாள். கன்சோல் மட்டும் கட்டில் மேசையில் தலையணை மேல் நின்றது.

"ஒரே ஒரு வாட்டி நைனா."

"பஸ்ஸு போயிடும்."

"அடுத்த பஸ்ஸு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு நான் ஓட்டியதுபோல அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. மூன்றாம் சுற்றில் எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. சிவப்புக் கார் பின்னால் ஒரு புள்ளியாக இருந்து பெரிதாகிக்கொண்டே வந்தது.

"எவ்ளோ கீது?"

"முந்நூறு. எறநூறு. நைனா, இன்னிக்கு ஒரு நாள் வுடாதே. நூறு."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் விரல் எழும்ப ஆரம்பித்தது. சிவப்புக் காரின் முகப்பு எங்கள் பக்கவாட்டில் ஏறியது. என் வலது கை சும்மா கன்சோலை அணைத்துக்கொண்டு கிடந்தது. நான் யோசிக்கவில்லை. என் ஆள்காட்டி விரலைத் தூக்கி, நைனாவின் விரல்மேல் வைத்து, எழும்பி வந்த அந்த விரலைத் திரும்பக் கீழே தள்ளினேன். அவர் விரல் என்னை எதிர்த்தது. நான் விடவில்லை. ட்ரிகர் அடிவரை போனது.

"ஏய்! வலிக்குது பாப்பா!"

திரையில் என்னென்னவோ வெடித்தது, தங்கக் கோப்பை ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பையைக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. நைனா விரலை உருவி எடுத்து, என் நகம் பதிந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது, என் கண்ணும்.

கன்சோலை நகர்த்தி வைத்துவிட்டு, நகம் பதிந்த தன் விரலை மறுபடி என் முன்னால் நீட்டினார்.

"இன்னொரு வாட்டி அமுக்கு," என்றார்.